எடைமேடைக்காரரும் இருநூறு மில்லி தண்ணீரும்

மார்ச் 5 — 61
மார்ச் 12 — 64
மார்ச் 19 — 58
மார்ச் 26 — 59
ஏப்ரல் 2 — 23
ஏப்ரல் 9 — 11
ஏப்ரல் 16 — 4
ஏப்ரல் 23 — 0

செவ்வாய்க்கிழமைகளில் எடைமேடைக்காரர் வாயைத் திறப்பதில்லை. பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும். வலது கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் ரேகைகள் மேல் ஒவ்வொன்றாக நகரும். நான்கு விரல், விரலுக்கு மூன்று ரேகை, ஆகப் பன்னிரண்டு. பன்னிரண்டு முடிந்தால் இடது கையில் ஒரு ரேகை. பக்கத்து இருக்கையில் அவர் மனைவி. வண்டி கல்லில் ஏறி இறங்கும்போது அவர் வாயிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று வந்தால் ஒன்று. ‘அம்மாடி’ என்று வந்தால் ஒன்று. இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டு. ஊர் வந்து மனைவி இறங்கித் தடுப்பூசிப் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் இவர் நோட்டைத் திறப்பார். மேலே உள்ளது அந்த நோட்டின் முதல் பக்கம்.

லாரிகளை எடை போடும் மேடையில் முப்பத்தொரு வருடம் நாலு மாதம் உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊருக்கு அவர் எடைமேடைக்காரர்தான். வேலை போனாலும் கண் போகவில்லை. எதிரே யார் வந்தாலும் முதலில் எடை தெரியும், பிறகுதான் முகம் தெரியும். “எழுபத்தெட்டு. போன மாசம் எழுபத்தஞ்சு இருந்தீங்க” என்று நலம் விசாரிப்பார். இதனால் அவரைத் தூரத்தில் கண்டதும் எதிர்ச்சாரிக்கு மாறிக்கொள்ளும் பெண்கள் தெருவில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். “ஒரு நாளைக்கு யார்கிட்டயாவது வாங்கிக் கட்டிக்கப் போறீங்க” என்று மனைவி எச்சரித்து அலுத்துவிட்டார். மனைவியின் எடையை மட்டும் அவர் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த அளவுக்கு விவரமானவர்.

இன்னொரு குணம், உறை போடுவது. டிவி ரிமோட்டுக்கு உறை. கண்ணாடிக் கூட்டுக்கு ஒரு கூடு. குடைக்கு உறை, மழை பெய்தால் உறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்த பிறகுதான் குடை விரியும், அதற்குள் பாதி நனைந்திருப்பார். வாங்கி ஒன்பது வருடமான நாற்காலிகளில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் இன்னும் இருக்கிறது. உட்கார்ந்தால் சரசரக்கும். விருந்தாளிகள் பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் பேசிவிட்டுப் போவார்கள்.

மனைவியை ஊர் நர்சம்மா என்கிறது. மலைமேல் ஆறு குடியிருப்புகள். போகும் பாதை பதினாலு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர். பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. முதல் நாலு கிலோமீட்டர் செம்மண், அடுத்தது உருண்டைக் கல், நடுவே வறண்ட ஓடை இரண்டு இடத்தில் குறுக்கே வரும், கடைசி மூன்று கிலோமீட்டர் உடைந்த பாறை. பத்தொன்பது வருடமாக வாரம் ஒரு நாள் நர்சம்மா அதில் ஏறி இறங்குகிறார். அலுவலக ஜீப் உயிரை விட்ட பிறகு, இரண்டு வருடம் முன்பு, கணவர் ஒரு பழைய நாலு சக்கர இழுவை பிக்கப் வாங்கினார். அன்று முதல் ஓட்டுநர் அவரே.

பிப்ரவரி 26, திங்கட்கிழமை, சுகாதார அலுவலகத்திலிருந்து முதல் கடிதம் வந்தது. நர்சம்மாவின் கீழ் முதுகில் ஒரு வட்டு பிதுங்கியிருக்கிறது என்று ஜனவரி மாதப் படத்தில் தெரிந்ததாம். ஜூன் 14 அன்று மருத்துவக் குழு மறுபடி பார்க்கும். அதற்குள் மோசமாகியிருந்தால் அவர் தலைமை அலுவலகத்தின் கோப்பு அறைக்கு மாற்றப்படுவார். மலைக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை ஆறு குடியிருப்பும் கீழே இறங்கி வந்து ஊசி போட்டுக்கொள்ளட்டும்.

“வேற ஆள் கிடைக்கும்வரைன்னா என்ன அர்த்தம் தெரியுமா?” என்றார் நர்சம்மா, கடிதத்தை மடித்தபடி. “கிடைக்கவே கிடைக்காதுன்னு அர்த்தம்.”

எடைமேடைக்காரர் ஒரு நோட்டு வாங்கிவந்து, அட்டை போட்டு, அட்டைமேல் பாலித்தீன் உறை போட்டு, வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தார். மனைவிக்கு எத்தனை இடத்தில் வலிக்கிறது என்று தெரிந்தால்தானே குறைக்க முடியும்? கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பார். எனவே கேட்காமல் எண்ணுவது என்று முடிவு.

அந்த வண்டி அதற்கு முன்பே முழுக்கவசத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குடைக்கு உறை போடுபவர் மலைக்குப் போகும் வண்டியைச் சும்மா விடுவாரா? முன்னால் தடித்த இரும்புக் காப்புக் கம்பி, 58 கிலோ. அதன்மேல் சேற்றில் சிக்கினால் இழுக்கும் வின்ச், கம்பிவடத்தோடு 36. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அதன் பின்னுள்ள பகுதிக்கும் அடியில் மூன்று இரும்புத் தகடு, 64. கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் குழாய், 44. டீசல் டேங்குக்குத் தனித் தகடு, 22. பின்னால் ஒரு பம்பர், 41. ஒவ்வொன்றையும் மாட்டுவதற்கு முன் நிறுத்துப் பார்த்தவர்தான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கொக்கித் தராசு இருக்கும்.

மாட்டிக் கொடுத்தவர் மைத்துனர், நர்சம்மாவின் தம்பி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: “மாமா, இது வண்டியா பீரோவா? இன்னும் ஒரு பூட்டு போட்டா நகையே வைக்கலாம்.”

“உங்க அக்கா உக்காந்து போற வண்டி மாப்ள. அடியில ஒரு கல்லு குத்திச்சுன்னா?”

அக்கா என்று சொல்லிவிட்டால் தம்பியின் வாய் அடைபட்டுவிடும். அவருக்கும் அது தெரியும், இவருக்கும் அது தெரியும்.

மார்ச் மாதம் நாலு செவ்வாய் எண்ணி முடித்ததும் எடைமேடைக்காரர் நோட்டோடு பட்டறைக்குப் போனார். மைத்துனர் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலை உள்ளே விட்டார். ஸ்பிரிங் அமுங்கி, சக்கரம் மேலே வந்தால் தடுக்கிற ரப்பர் கட்டைக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது.

“பாருங்க. ஒவ்வொரு கல்லுக்கும் ரப்பர்ல போய் இடிக்குது. அதான் அக்கா முதுகுல நேரா ஏறுது. சுமையைக் குறைங்க மாமா.”

“சுமையைத் தாங்குற ஸ்பிரிங்கா போடு.”

மைத்துனர் விலைப்பட்டியல் புத்தகத்தை எடுத்து வைத்தார். அதில் ஒரு கேள்வி: வண்டியில் எப்போதும் இருக்கும் சுமை எவ்வளவு? நூறு கிலோ வரை ஒரு ரகம். நூறிலிருந்து ஐநூறு வரை ஒரு ரகம். ஐநூறுக்கு மேல் ஒரு ரகம். எடைமேடைக்காரர் மூன்றாவதில் விரல் வைத்தார்.

“ஐநூறா? இந்த இரும்பை விட்டா பின்னால ரெண்டு ஊசிப் பெட்டியும் ஒரு தண்ணி கேனும்தானே போகுது?”

“மாப்ள, எங்க மேடை அறுபது டன் தாங்கும். அதுல ஆறு டன் வண்டி வந்து நிக்கும். மேடைக்கு என்ன நஷ்டம்? நிம்மதியா தாங்கும். தாங்குற சக்தி கூட இருந்தா நல்லதுதானே.”

முப்பத்தொரு வருடம் எடைமேடையில் இருந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. மேடை ஆடாமல் இருக்க வேண்டியது. ஸ்பிரிங் ஆடுவதற்காகவே இருப்பது. ஐநூறு கிலோவுக்கு மேல் தாங்கும் ஸ்பிரிங்குக்கு அதைவிட மிகக் குறைந்த சுமையைக் கொடுத்தால் அது வளைந்து கொடுக்காது. கல்லை அப்படியே மேலே அனுப்பும். மைத்துனருக்கு அது தெரியும். இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை, அக்காவின் கணவர், வயதில் மூத்தவர், இதற்கு மேல் எதிர்த்துப் பேசினால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டார். மார்ச் 30, சனிக்கிழமை, முன்னால் தடித்த சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை அடுக்கில் கூடுதலாக ஒரு பட்டை, நாலு மூலைக்கும் ஆட்டத்தை அடக்கும் கெட்டியான ஷாக். எடைமேடைக்காரரும் கூடவே வண்டிக்கடியில் படுத்து போல்ட் முடுக்கினார். எழுந்திருக்க மைத்துனர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 2: இருபத்து மூன்று. அவரால் நம்ப முடியவில்லை. திரும்பி வரும்போது மறுபடி எண்ணிச் சரிபார்த்தார். ஏப்ரல் 9: பதினொன்று. 16: நாலு. 23-ஆம் தேதி ஆறாவது குடியிருப்புவரை போய்த் திரும்பியும் கட்டைவிரல் ஒரு ரேகைகூட நகரவில்லை. மனைவி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் எடைமேடைக்காரர் மைத்துனருக்குப் போன் போட்டார்.

“சைபர் மாப்ள! சைபர்!”

“வண்டி நின்னுடுச்சா?”

“உங்க அக்கா ஒரு சத்தம் போடல. முழுசா போய்ட்டு வந்தாச்சு.”

“அந்த ஸ்பிரிங்கா? அப்படியா மாமா?” என்றார் மைத்துனர். அந்தக் குரலில் இருந்த சந்தேகத்தைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார் எடைமேடைக்காரர்.

புதன்கிழமைகளில் வண்டியைத் துடைப்பது வழக்கம். 24-ஆம் தேதி காலை, இடதுபக்கக் கதவைத் திறந்து துடைத்தவர், மேலே இருக்கும் கைப்பிடியைத் தொட்டார். அது கையோடு வந்தது. இரண்டு திருகாணியில் ஒன்று இல்லை. மற்றது பாதி வெளியே வந்திருந்தது. கதவுப் பையில் ஒரு துண்டு, நாலாக மடித்தது. மடிப்பில் பல் பதிந்த அடையாளம், வரிசையாக.

சட்டைப்பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்தார். கைப்பிடியை மறுபடி பொருத்தி, கழன்ற திருகாணிக்குப் பதில் புதியது போட்டு இறுக்கி, கொக்கியை மாட்டி இழுத்தார். இருபது கிலோவில் ஒன்றும் ஆகவில்லை. முப்பதில் பிளாஸ்டிக் முனகியது. நாற்பத்தாறில் திருகாணி அசைந்தது. நாற்பத்தாறு கிலோ. வண்டிக் கதவைச் சாத்தவில்லை. தராசையும் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு, செருப்போடு வீட்டுக்குள் போனார். செருப்போடு அவர் உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

நர்சம்மா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தராசையும் துண்டையும் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

“எப்ப நோட்டைப் பாத்த?” என்றார் கணவர்.

“மார்ச் இருபத்தெட்டு. கண்ணாடியைத் தேடுனேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? வேகாத வெயில்ல வண்டிக்கு அடியில படுத்து, எந்திரிக்க முடியாம, தம்பி கையைப் பிடிச்சு எந்திரிச்சீங்க. ‘இந்தா, இதுதான் உனக்கு’ன்னு வண்டியைக் காட்டுனீங்க பாருங்க, அந்த மூஞ்சியைப் பாத்துட்டு நான் எப்படி ‘ஸ்ஸ்’னு சொல்லுவேன்?”

“வலிச்சுச்சா?”

“முன்னால வலிச்சதைவிட வலிச்சுச்சு.”

எடைமேடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் சரசரத்தது.

“அப்ப இருபத்து மூணு, பதினொண்ணு, நாலு... இதெல்லாம்?”

“ஒரேயடியா சைபர்னா நம்ப மாட்டீங்களே. அதான் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சேன்.”

நாலு பதிவு, நாலும் பொய். எழுதியவர் கை சுத்தம். எழுத வைத்தவர்தான் ஏமாற்றியது. நோட்டை எடுத்துவந்து நாலு வரிக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ‘நம்பத்தக்கதல்ல’ என்று எழுதினார். அடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. பதிந்ததை அழிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

“இனிமே வலிச்சா கத்தணும். சத்தமா.”

“கத்துனா நிறுத்துவீங்களா?”

“உடனே நிறுத்துவேன்.”

“அப்ப ஆறாவது ஊருக்கு அடுத்த செவ்வாக்கிழமைதான் போய்ச் சேருவோம்” என்று சொல்லிவிட்டு நர்சம்மா மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

மனைவியின் வாயை இனி நம்புவதற்கில்லை என்று அன்றே தீர்மானமாயிற்று. கணவன்மேல் இரக்கம் இல்லாத ஒரு சாட்சி வேண்டும். வீட்டில் இருநூறு மில்லி பிடிக்கும் எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. அதைக் கழுத்துவரை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு மரக்கட்டையில் துளை போட்டு, இரண்டு இருக்கைக்கும் நடுவில் பொருத்தினார். கிளம்பும்போது விளிம்புவரை தண்ணீர். ஆறாவது குடியிருப்பில் மிச்சம் எவ்வளவு என்று நர்சம்மாவின் பெட்டியிலிருக்கும் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி அளக்க வேண்டியது.

“சரிவுல வண்டி சாஞ்சாலே கொட்டுமே மாமா” என்றார் மைத்துனர்.

“சரிவு வாரா வாரம் அதேதான்.”

ஏப்ரல் 30 அன்று போக வேண்டாம் என்று கணவர் சொல்லிப் பார்த்தார். நாலு குழந்தைகளுக்கு இரண்டாவது ஊசி தேதி என்றார் நர்சம்மா. அதோடு பேச்சு முடிந்தது. அன்று டம்ளரில் மிச்சம் 71. சத்தம், உண்மையானது, 66. துண்டு வீட்டில் இருந்தது.

மே 2, வியாழக்கிழமை. பழைய எடைமேடையில் இப்போது இருப்பவர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். எடைமேடைக்காரர் உட்காரவில்லை, முதல் தடவையாக அவர் வண்டிக்காரராக வந்திருந்தார். வெறும் வண்டி 2,215. பதிவுப் புத்தகத்தில் இருப்பது 1,950.

“ஊர் லாரியை எல்லாம் நிறுத்து நிறுத்து அபராதம் எழுதுனீங்க. உங்க வண்டி மேல இருநூத்து அறுபத்தஞ்சு கிலோ ஏறி உக்காந்திருக்கு” என்றார் கூட வந்திருந்த மைத்துனர். “ஒண்ணு ஒண்ணா நிறுத்தீங்களே மாமா, கூட்டவே இல்லையா?”

கூட்டவில்லை. முப்பத்தொரு வருடம் கூட்டலும் கழித்தலும் செய்தவர் அதை மட்டும் கூட்டவில்லை. அடுத்து நர்சம்மா ஏறி உட்கார்ந்தார். திரையில் எண் மாறியது. கணவர் அதைப் பார்த்தார்.

“வெளிய சொன்னீங்க, தொலைஞ்சீங்க.”

“இந்த மேடை அஞ்சு கிலோவுக்குக் குறைச்சு காட்டாது. அப்படி இப்படி இருக்கும்” என்றார் அவர் பணிவாக. அந்த எண் நோட்டில் இருக்கிறது. இங்கே எழுத அனுமதி இல்லை.

எதைக் கழற்றுவது என்பதில்தான் சண்டை. ஒவ்வொரு இரும்பும் அவருக்கு ஒரு பயத்தின் பெயர். கடைசியில் மைத்துனர் ஒரு வழி சொன்னார்: எது அடி வாங்கியிருக்கிறதோ அது இருக்கட்டும், மற்றது போகட்டும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, எடைமேடைக்காரர் டார்ச்சோடு அடியில் போய் இரண்டு வருடக் கீறல்களை எண்ணினார். என்ஜின் தகட்டில் பதினேழு. கியர்பாக்ஸ் தகட்டில் மூன்று. அதன் பின் தகட்டில் ஒன்றுமில்லை. இரண்டு பக்கக் குழாயிலும் ஒன்றுமில்லை. டேங்குத் தகடு, பின் பம்பர் இரண்டும் வாங்கிய அன்று இருந்த பெயின்ட்டோடு இருந்தன. முன் காப்புக் கம்பியில் ஒன்று.

“அது எங்க வாங்குனது?”

“வீட்டு கேட்ல” என்றார் நர்சம்மா.

“வின்ச்?”

“ஒரு தடவை உபயோகப்பட்டுச்சு. உன் வண்டியை வாய்க்கால்லேருந்து இழுத்தோம்” என்றார் எடைமேடைக்காரர் கம்பீரமாக.

“அதுக்காக அக்கா வாரா வாரம் முப்பத்தாறு கிலோ சுமக்கணுமா? நான் இனிமே பாத்து ஓட்டுறேன், கழட்டுங்க.”

மே 4, சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கழற்றினார்கள். ஒவ்வொன்று கீழே இறங்கும்போதும் அவர் அதைச் சாக்கில் சுற்றினார். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும் இரும்புக்குப் பதில் அலுமினியத் தகடு, இரண்டும் சேர்ந்து 20 கிலோ. வின்ச்சுக்குப் பதில் கையால் இழுக்கிற ஒரு கப்பியும் நைலான் வடமும், 9. ஆக 265 இருந்த இடத்தில் 29. வண்டியின் முன்பக்கம் ஒரு கையகலம் எழுந்து நின்றது. எடைமேடைக்காரருக்கு அது சட்டையில்லாமல் நிற்பது போலிருந்தது.

ஸ்பிரிங் தேர்வில் இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கவில்லை, ஷாக் வரும்வரை. புத்தகத்தில் சிவப்பு நிறத்தில், பக்கத்திலேயே தனி எண்ணெய்க் குப்பியோடு ஒரு ஷாக் இருந்தது. இருப்பதிலேயே பெரியது. விரல் தானாக அதன்மேல் போயிற்று.

“மாமா. அது பாலைவனத்துல நூறுல பறக்கிறவனுக்கு. நாம பதினஞ்சுல போறோம். அக்காவுக்கு வேண்டியது சின்னக் கல்லுக்கு மெத்துனு இறங்கி, பெரிய குழியில மெதுவா எந்திரிக்கிறது. இது போதும்.” காட்டியது கறுப்பு, சாதாரணமானது. முன்னால் நூறு கிலோ ரகத்து சுருள். பின்னால் கூட்டிய பட்டையை எடுத்துவிட்டு, நீளமான மென்மையான ஷாக். “அப்புறம் டயர் காத்து. நாப்பது வச்சுக்கிட்டு கல்லுல போறீங்க. மலையடியில நிறுத்தி இருபத்தாறுக்கு இறக்குங்க. திரும்பி வந்து ஏத்திக்குங்க. இதுக்குக் காசே கிடையாது.”

“இதை ரெண்டு வருஷம் முன்னாடி ஏன்டா சொல்லல?” என்றார் நர்சம்மா.

“சொன்னேன்க்கா. மாமா காத்துக்கும் உறை போட்டுட்டாரு.”

மே 7: தண்ணீர் 118, சத்தம் 38. அன்று இரண்டாவது ஓடை வந்ததும் நர்சம்மா, “நிறுத்துங்க, இந்த இருநூறு மீட்டரை நான் நடந்தே வரேன்” என்று இறங்கினார். கணவருக்குப் பிடிக்கவில்லை, கால் இடறினால்? ஆனால் கத்தினால் நிறுத்துவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஊர்ந்தார். நர்சம்மா கல்லுக்குக் கல் தாண்டி வண்டிக்கு முன்னால் போய் நின்று, “வாங்க வாங்க, இன்னும் லெஃப்ட்” என்று கைகாட்டினார். அதற்குப் பிறகு இரண்டு ஓடையிலும் அப்படித்தான். ஓடைகள் டம்ளர் தண்ணீரைக் கொட்டின. நர்சம்மாவை ஒன்றும் செய்யவில்லை.

மே முழுக்கச் சத்தத்தின் எண் மெதுவாக இறங்கியது. ஒரு வாரம் ஏறவும் செய்தது: மே 21, மழை பெய்து கல் புரண்டிருந்த நாள், 41. அதையும் அப்படியே எழுதினார். ஜூன் 11 அன்று 163 மில்லி மிச்சம், சத்தம் பத்தொன்பது. நோட்டை மைத்துனரிடம் காட்டினார்.

“பத்தொம்பது மாப்ள.”

“சைபர்னு சொன்னப்பகூட உங்க மூஞ்சி இப்படி இல்லையே மாமா.”

“அது உங்க அக்கா போட்ட சைபர். இது நம்ம பத்தொம்பது.”

ஜூன் 14, வெள்ளிக்கிழமை, மருத்துவக் குழு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜனவரிப் படத்தையும் அன்று காலை எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நர்சம்மாவைக் குனியச் சொன்னார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே உட்கார வேண்டிய எடைமேடைக்காரர் கதவு திறந்த நேரம் பார்த்து நோட்டோடு உள்ளே வந்துவிட்டார். மூத்த மருத்துவர் வெளியே போங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், பாலித்தீன் உறையைப் பார்த்ததும் கையை நீட்டி வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்தில் விரல் நின்றது.

“ஏப்ரல் இருபத்து மூணு ஏன் பூஜ்யம்?”

எடைமேடைக்காரர் பதில் சொல்வதற்குள் படுக்கையிலிருந்து குரல் வந்தது.

“அன்னிக்கு நான் பொய் சொன்னேன் டாக்டர்.”

மருத்துவர் நோட்டைக் கடைசிவரை படித்தார். முடிவு தபாலில் வரும் என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. கிளம்பும்போது எடைமேடைக்காரர், “எண்பத்து நாலு இருப்பீங்க, நடந்தா நல்லது” என்று சொல்லிவிட்டு வந்ததை நர்சம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

பதினெட்டு நாள். ஜூன் 18-உம் 25-உம் மலைக்குப் போய் வந்தார்கள். இரண்டு நாளும் ஒரே எண், பத்தொன்பது. ஆறாவது குடியிருப்பில் ஒரு பெண் கைக்குழந்தையை நீட்டியபடி, “அடுத்த மாசம் மூணாவது ஊசிக்கு நீங்கதானே வருவீங்க?” என்று கேட்டதற்கு, நர்சம்மா குழந்தையின் கால்விரல்களை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார். தபால்காரர் தெருமுனையில் திரும்பும் நேரம் எடைமேடைக்காரர் தினமும் வாசலில் நின்றார். சைக்கிளில் மாட்டியிருக்கும் பையைப் பார்ப்பார். “இன்னிக்கு நாலரை கிலோ. நமக்கு இல்ல” என்று உள்ளே சொல்வார்.

கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பெட்டிகள் ஏறியாயிற்று, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, டம்ளரில் தண்ணீர் விளிம்புவரை நின்றது. நர்சம்மா இருக்கையில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக வாங்கிப் பிரித்தார். எடைமேடைக்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். கடிதத்தில் மூன்றே வரி. நிலை மோசமாகவில்லை. மலைச் சுற்றுப் பணியைத் தொடரலாம். ஓராண்டுக்குப் பின் மறுபரிசோதனை.

நர்சம்மா அதைச் சத்தமாகப் படித்தார். மடித்து, நோட்டின் உறைக்குள் செருகினார். கணவர் கட்டைவிரலை முதல் ரேகையில் கொண்டுபோய் வைத்தார். நர்சம்மா கை நீட்டி, மரக்கட்டையிலிருந்து டம்ளரை உருவி, இருநூறு மில்லியையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

நோட்டில் அந்த நாளுக்கு எண் இல்லை. தேதி மட்டும் இருக்கிறது.

ஜூலை 2 —